எலுமிச்சம்பழம் நசுக்கியவளின் மோட்டார்

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பஞ்சாலை. புருஷன் தர்மராஜ் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தான். புக்கிட் பெலண்டோக் பக்கம், செம்பனைத் தோட்ட முனையில் நல்லசாமியின் பட்டறை. லுக்குட் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு மத்தியான ஷிப்ட். இன்னொரு தடவை பிந்தினால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் ஷாமினி சொல்லியிருந்தாள்.

பேட்டரி செத்தால் உதைத்தாலும் எடுக்காத பழைய மோட்டார் அது. ஆயுத பூசையன்று முனியாண்டி கோயில் வாசலில் மோட்டார் சக்கரத்தை ஏற்றி எலுமிச்சம்பழம் நசுக்குவது அங்கே ஆம்பிளைகள் வேலை. போன பூசையில், குடித்த குடியில் தர்மராஜ் மோட்டாரோடு சாய்ந்தான். பஞ்சாலை ஏறி நசுக்கினாள். கூட்டமே அவனைப் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு புதுப் பேட்டரி போட்டாலும் வழியிலேயே செத்தது.

"பொம்பள ஏத்துனா முனியாண்டி சும்மா விடுவாரா?" என்றாள் மாமியார். பஞ்சாலை கோழி அறுத்துப் படைத்தாள். அவளை ஏமாளி என்று சொல்லிவிடாதீர்கள், கண்ணுகளா. வேலை போய்விடுமே என்று பயந்து கிடந்தவள்.

நல்லசாமி பேட்டரியில் சார்ஜ் ஏற்றி, மோட்டாரை ஸ்டார்ட் செய்து, பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

"முறுக்கு தங்கச்சி."

முறுக்கினாள்.

"பதினாலு வோல்ட்டுக்கு ஏறணும்லா. இது பன்னெண்டுலேருந்து எறங்குது. பேட்டரி மேல தப்பில்ல. அதுக்குச் சார்ஜே வரல."

எஞ்சினிலிருந்து மேலே போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். சீட்டுக்கு அடியில் விரல் நின்றது. வயர் வெட்டப்பட்டு, இரண்டு முனையிலும் டேப் சுற்றி, உள்ளே செருகியிருந்தது.

"எலி கடிக்கல. கத்தி."

"எலிதாண்ணே," என்று சிரித்தான் தர்மராஜ். "ரெண்டு கால் எலி."

பஞ்சாலை அவனையே பார்த்தாள். "நான் கோழி அறுக்கறப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன். கறி நல்லாத்தான் இருந்திச்சி. எங்களை வேல வாங்குற மண்டோர் இன்னும் கேக்குறான், ஒம்பொண்டாட்டி ஒனக்கு லைசன்ஸ் குடுத்துட்டாளான்னு."

அவள் நல்லசாமியிடம் திரும்பினாள். "ஒட்டுங்கண்ணே, நேரமாச்சி."

அவர் வயரைச் சேர்த்து ஈயம் வைத்தார். முறுக்கியதும் மீட்டர் பதினான்கைத் தொட்டது. அவள் தலைக்கவசத்தை மாட்டினாள்.

"வெட்டுண்ணே," என்றான் தர்மராஜ்.

"என்னாப்பா?"

"மோட்டாரு யார் பேர்ல இருக்கு? எம்பேர்ல. வெட்டு."

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தர்மராஜின் கூட்டாளிகள். நல்லசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி வெவகாரம், தங்கச்சி. நான் நடுவுல வரல," என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். ஷார்ட் ஆகிவிடக் கூடாதே என்று முனைகளுக்கு டேப்பும் சுற்றினார்.

"இனி இது வழியிலேயே நின்னுடும். பேட்டரி என் சம்பளத்துல வாங்குனது," என்றாள் பஞ்சாலை. தானே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லுக்குட் சாலையில் நடந்தாள். யாரும் நிறுத்தி ஏற்றிக்கொள்ளவில்லை.

தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது ஷிப்ட் தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. ஷாமினி பேட்டரியைப் பார்த்தாள்.

"என்னா பஞ்சாலை, வேலைக்கு வந்தியா, பழைய சாமான் விக்க வந்தியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷாமினி கையை நீட்டி, அவள் கழுத்திலிருந்த வேலை அட்டையைக் கழற்றிக்கொண்டாள்.