மூன்று முறை தவறான கடவுச்சொல்

டயாலிசிஸ் பிரிவின் பதிவு மேசையில் இருந்தவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். திரையில் பிரவுசர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெயரைத் திறந்தது, 'ரத்து' என்று அழுத்தியது, அடுத்த பெயருக்குத் தாவியது.

சிகிச்சையை நிறுத்தியவர்களின் நேரங்களை வாரம் ஒருமுறை ரத்து செய்யவேண்டும். அந்தச் சலிப்புப் பிடித்த வேலைக்காகக் கொழுந்தன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கணினியில் அதைத் தட்டிவிட்டால் போதும், பிரவுசரை அதுவே ஓட்டும். கடைசியாகத் திறந்த பட்டியலைத்தான் எடுக்கும். இன்று காலை அப்பாவுக்கு டயாலிசிஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க, சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியலைத் திறந்திருந்தாள். பாவி மனசு அதை மறந்துவிட, புரோகிராமைத் தட்டிவிட்டாள்.

இருபத்தேழு பேர் போயாயிற்று. பட்டியலில் அப்பா நாற்பத்தொன்றாவது. காலியான இடம் அந்த நொடியே காத்திருப்பவருக்குப் போய்விடும். மறுபடி கிடைக்க நாலு மாதம் ஆகும். அப்பாவோ நாலு நாள் தாங்கமாட்டார்.

பிரவுசரை மூடினாள். திறந்துகொண்டது. மவுஸை நகர்த்தினாள். பிடுங்கிக்கொண்டது. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, மூடினா திறக்குதே!"

"நீங்கதானே அண்ணி கேட்டீங்க, யாராவது தெரியாம மூடினாலும் தானா திறக்கணும்னு?"

"கேட்டதையெல்லாம் செஞ்சிடுவியா? நிறுத்த வழி சொல்லு!"

"கரண்ட்டைப் பிடுங்குங்க."

"கம்ப்யூட்டர் பெட்டி பக்கத்து ரூம்ல பூட்டியிருக்கு. சாவியோட மேலாளர் வெளிய போயிட்டாரு."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

முப்பத்தாறு.

போன வாரம் எதிர் மேசை அக்கா கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடிக்க, அவள் கணக்கே முடங்கி, திறந்திருந்த கணினிகளிலிருந்தெல்லாம் அவளை வெளியே தள்ளிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் இவள்தான்.

"அக்கா, எழுந்திரு!"

அக்காவின் கணினியில் தன் பெயரை அடித்தாள். தப்பு ஒன்று. தப்பு இரண்டு. மூன்றாவதில் பழகிய விரல்கள் சரியான சொல்லுக்கே ஓடின. அழித்துவிட்டு, 'ஐயோ' என்று அடித்தாள்.

"என்னடி பண்றே? உன் கணக்கு முடங்கிடும்!"

"முடங்கட்டும்க்கா."

அவள் மேசையில் பிரவுசர் நின்றது. நாற்பது பேர் போயிருந்தார்கள். அப்பா இருந்தார்.

இனி அந்த நாற்பதில் ஒருவரைக்கூடத் தன் கையால் மீட்கமுடியாது. மேலாளரைப் போனில் பிடித்தாள். "சார், நாப்பது பேரோட நேரம் என்னால போச்சு. ஓடி வாங்க."

பிறகு அச்சடித்த பட்டியலை எடுத்து, ரத்தானவர்களைக் கடைசியிலிருந்து போனில் கூப்பிடத் தொடங்கினாள். நாற்பதாவது ஆள், அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரர். அப்பாவுக்குக் குளிரெடுத்தால் போர்வையை இழுத்துவிடுகிறவர்.

"ஐயா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்..."

குரலை அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீயாம்மா? ஏன் அழறே? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"