கறுப்புக் கோட்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் செலினாவுக்கு எதிரே அவள் முகமே நின்றது. இரண்டு ஆள் உயர பிளெக்ஸ். முகம் மட்டும்தான் அவளுடையது. கழுத்துக்குக் கீழே எவளோ ஒருத்தியின் உடம்பு, அதன்மேல் வக்கீல் மாட்டுகிற கறுப்புக் கோட்டு. 'அமெரிக்க வழக்கறிஞர் செலினா சிங்கராயரின் நேரடி மேற்பார்வையில் விசா பெற்றுத் தரப்படும். எட்வின் ஓவர்சீஸ்.'

எட்வின் யாரோ எவரோ இல்லை, அவள் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

அவள் வக்கீலே இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்றில், புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவள். அதற்கான பரீட்சையை அந்த நாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து எழுதித்தான் பாஸ் செய்தாள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! விசாவில் வந்தவளுக்கு லைசென்ஸ் அரைகுறைதான். இந்த விசா, இந்தக் கம்பெனி, இந்த வேலை இருக்கிறவரைக்கும்தான் அதற்கு உயிர்.

விசாவைப் புதுப்பிக்கத்தான் ஊருக்கு வந்தாள். நேற்று சென்னையில் விசா அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி இதே பிளெக்ஸைக் காட்டினார். எவனோ பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். "இந்தத் தொழிலில் உங்களுக்கு என்ன பங்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அதை ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அது தீரும்வரை எந்த விண்ணப்பத்திலும் கைவைக்காதே என்று கம்பெனி மெயில் அனுப்பிவிட்டது.

அவளைக் கூட்டிப்போக எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த அப்பா சிங்கராயர், "மொதல்ல வூட்டுக்குப் போலாம்மா" என்றார். அவள் நேராகச் சித்தப்பா கடைக்கு நடந்தாள்.

"வா பாப்பா! டீ சொல்லட்டா?" என்று எட்வின் எழுந்தார்.

"யாரக் கேட்டு என் மூஞ்சியப் போட்டீங்க?"

"இன்னா பாப்பா, ஊரே ஒன்னப் பத்திதான் பேசிக்கினு கீது. பெருமைதானே?"

"இதால என் விசாவே நின்னுபோச்சு, வேலையும் போயிடும். எனக்கும் உங்க கடைக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. "அத எழுதிக் குடுத்துட்டு நான் எப்பிடி இந்த ஊர்ல நடமாடுறது? ஒன்ன நம்பிதான் எத்தினி பேர் பாஸ்போர்ட்டக் குடுத்துகீறாங்க. அமெரிக்கா வேல போனா போவட்டும் வுடு. இங்கயே ஒக்காரு. போர்டுதான் ரெடியாகீதே!"

செலினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து வருஷப் படிப்பும் உழைப்பும் இந்த ஆளுக்கு ஒரு போர்டு! மேஜையிலிருந்த டீ கிளாஸைத் தூக்கி அவர் முகத்தில் வீசலாமா என்றிருந்தது. வீசவில்லை. "ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்பா பின்னாலேயே ஓடிவந்தார். "சித்தப்பன் மேல கேஸா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

"அது இல்லம்மா..." அவர் குரல் இறங்கிவிட்டது. "போட்டோவ நான்தாம்மா குடுத்தேன். கோட்டு போட்டாத்தான் வக்கீல்னு தெரியும்னு சொன்னதும் நான்தான். எம் பேரு மட்டும் வாணாம். மாதா கோயில் கமிட்டியில கீறேன். என்னை வுட்டுடு."

அவள் நின்றுவிட்டாள். சித்தப்பன் துரோகம் பண்ணினான் என்று திட்டித் தீர்க்கலாம். பெருமையில் பூரித்துப்போய்த் தலையில் கல்லைப் போட்ட அப்பாவை என்னவென்று திட்டுவது? ஆனாலும் கோபம் இவர்மேல்தான் அதிகமாக வந்தது.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தெரிந்ததை மறைத்துக் காப்புரிமை வாங்கினால், என்றைக்கு வெளியே வந்தாலும் அது செல்லாது. மறைத்தவர் லைசென்சுக்கும் ஆபத்து. இன்று இவர் பெயரை மறைத்தால், நாளைக்குச் சித்தப்பாவே வாயைத் திறப்பார்.

ஸ்டேஷனில் ஏட்டு, விசா அதிகாரிக்கு ஆதாரமாகப் போகவேண்டிய புகாரை எழுதிக்கொண்டே வந்தார். அப்பா சுவரோரமாகக் கைகட்டி நின்றார்.

"போட்டோ அவருக்கு எப்பிடிங்க கெடைச்சுது?"

செலினா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"எங்கப்பா குடுத்தாரு" என்றாள். "சிங்கராயர். எழுதிக்குங்க."