எல்லோருக்கும் இருபது

ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் என்று மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு, நான்காவது கட்டத்தில் செண்பகவல்லி இருபது என்று எழுதினாள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுத வேண்டிய கட்டம் அது. அவள் எண்ணவில்லை. ஏழாம் கட்டிலுக்கும் எட்டாம் கட்டிலுக்கும் அதே இருபதைத்தான் போட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த ஆறுமுகத்தாய் கண்ணை மூடியிருந்தாள், போர்வை கழுத்துவரை இருந்தது. காலை மணி எட்டு. பத்து மணிக்கு நர்சிங் கல்லூரியிலிருந்து மேடம் வந்துவிடுவார். அதற்குள் இன்னும் மூன்று கட்டில் பார்க்க வேண்டும், இரண்டு பேருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும், படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும்.

அவளைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தாராவியிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, செம்பூரில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு ஏழு இருபதுக்கெல்லாம் வந்து, தலையை வலை போட்டு முடிந்து, வெள்ளைக் கோட்டில் ஊக்கு வைத்த வாட்சைக் குத்திக்கொண்டு நிற்கிற பிள்ளை. முதல் வருஷத் தேர்வில் இதே மூச்சு எண்ணுகிற கேள்விக்கு அவ்வளவு அழகாகப் பதில் எழுதியிருந்தாள். ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனிக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் இரண்டாம் வருஷம் வார்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சீனியர் அக்கா ஒருத்தி வேறு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். திணறாமல் படுத்திருக்கிற ஆளுக்கு இருபது. கிழவி என்றால் இருபத்திரண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது, காய்ச்சலுக்கும் இருக்கிறது, மூச்சுக்கு அந்த வார்டில் கருவி இல்லை. கருவி இல்லாத ஒன்றுக்கு ஆறு கட்டிலுக்கு ஆறு நிமிஷம் யார் கொடுப்பார்கள்? வார்டு முழுக்க எல்லா அட்டையிலும் நான்காவது கட்டம் மேலிருந்து கீழே இருபது, இருபது என்று ஓடியது. யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

எட்டே முக்காலுக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஆறுமுகத்தாய்க்குப் பித்தப்பை எடுத்து அன்றோடு மூன்று நாள். அட்டையை ஒரு பார்வை பார்த்து, தையலைத் திறந்து பார்த்து, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மேடம் முன்னால் செண்பகவல்லி விளக்கிச் சொல்ல வேண்டியதும் இதே ஒன்பதாம் கட்டில்தான். தமிழ் பேசுகிற நோயாளி என்பதால் இவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து, சாப்பாடு, தூக்கம், வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏ பிள்ளே," என்றாள் ஆறுமுகத்தாய். "கோட்டும் கொண்டையுமா... நான் மலையாளத்துக்காரின்னுல்லா... நெனச்சேன்."

"இல்லத்தே. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ள இருக்கோம். எங்கப்பா பேச்சிராஜா."

"யாரு... பிரஸ் வச்சிருக்க... பேச்சிராஜாவா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க காரகானாவுக்கு... அடுத்த சந்துல்லா. பேக்குக்குக் கைப்பிடி... தைக்கேன் நான். நாளைக்குப் போயி... மெஷின்ல உக்காரணும்."

செண்பகவல்லியின் பேனா நின்றது. வலியில் பேசுகிறவர்கள் முனகுவார்கள், முகம் சுளிப்பார்கள். இவள் அப்படிப் பேசவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை காற்றுக்காக நிற்கிறாள். செண்பகவல்லி நோட்டை மூடி வைத்துவிட்டு, நாடி பார்ப்பதுபோல அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். போர்வையை மார்புக்குக் கீழே இறக்கினாள். தையல் வலிக்குப் பயந்து வயிற்றை அசைக்காமல் நெஞ்சின் மேல்பாகத்தாலேயே சின்னச் சின்னதாக அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கோட்டில் குத்தியிருந்த வாட்சைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். முப்பத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். முப்பத்து நான்கு. விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டிப் பார்த்தாள். காலையில் தொண்ணூற்றைந்து காட்டியது இப்போது தொண்ணூற்றிரண்டு.

எழுந்து அட்டையைக் கையில் எடுத்தாள். அவள் கையெழுத்தில் எட்டு மணி, இருபது. அதற்கு மேலே இரவு சிஸ்டர் போட்ட இருபது. அதற்கும் மேலே நேற்று மத்தியானமும் சாயங்காலமும், கூடப் படிக்கிற மர்யமின் வால் நீண்ட கையெழுத்தில், இருபது, இருபது. மாணவிகள் எழுதியதன் கீழெல்லாம் மேடத்தின் சிவப்பு மசிக் கையெழுத்து.

மர்யம் கட்டுப்போடும் அறையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். போன மாதம் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்க்காமலே எழுதிவிட்டு மர்யம் மேடத்திடம் மாட்டிக்கொண்டாள். அப்பாவைக் கூட்டிவந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்தாள். இன்னொரு தடவை நடந்தால் இந்த வருஷப் பயிற்சி மொத்தமும் கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்னொரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள் என்றால் நீ வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னதும் மர்யம் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"சல், கெளம்பு, சிஸ்டர்ட்ட சொல்லு மொதல்ல. தர்ட்டி ஃபோர்னு எழுது. லேட் பண்ணாதே."

"எட்டு மணிக்கு இருபது போட்டிருக்கேன்டீ."

"இருந்துச்சுன்னு சொல்லு. அதுல என்ன பொய்? இருந்திருக்கலாம்ல?"

"நேத்து நீ எண்ணுனியா?"

மர்யம் அவளையே பார்த்தாள். "நீ எண்ணுனியா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "செம்பா, நேத்த இழுக்காதே. எங்கப்பாவைப் பத்தி உனக்குத் தெரியும்," என்றாள்.

வார்டு சிஸ்டர் வந்து பார்த்ததும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். பக்கத்து வார்டிலிருந்து டாக்டர் கௌசிக் ஓடிவந்தார். திலக் நகர்க்காரர், பயிற்சிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து முன்னாலும் பின்னாலும் கேட்டார். கேட்டு முடித்தும் முகம் தெளியவில்லை. அட்டையைக் கேட்டு வாங்கினார். சரியாக அந்த நேரம் ராஜலக்ஷ்மி மேடம் உள்ளே வந்தார். மாட்டுங்கா பாலக்காட்டு வீட்டு அம்மாள். இஸ்திரி கலையாத காட்டன் புடவை, கையில் மாணவிகளின் பெயர்ப் பட்டியல். நிலைமையைப் பார்த்ததும் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கட்டிலோரம் நின்றுகொண்டார்.

"எட்டு மணிக்கு ட்வென்ட்டி," என்றார் கௌசிக், தனக்குத்தானே சொல்வதுபோல. "நேத்து ஃபுல்லா ட்வென்ட்டி. ஒன்றரை மணி நேரத்துல தர்ட்டி ஃபோர்." ஆறுமுகத்தாயிடம் குனிந்தார். "அம்மா, மூச்சு வாங்கறது நேத்தே இருந்ததா? இல்ல இப்பத்தானா?"

ஆறுமுகத்தாய் மாஸ்க்கைக் கையால் ஒதுக்கினாள். "ஒண்ணுமில்ல டாக்டரே... நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு... வீட்டுக்கு அனுப்பிருங்க."

அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வேறென்ன சொல்வாள்?

கௌசிக் நிமிர்ந்தார். சிஸ்டரிடமும் மேடத்திடமும் இங்கிலீஷிலும் தமிழிலுமாகப் பேசினார். இவ்வளவு சடாரென்று ஏறியிருக்கிறது என்றால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், பெரிய டாக்டர் தியேட்டரில் இருக்கிறார், ஸ்கேன் எடுக்க நேரமாகும், அதுவரை காத்திருக்க முடியாது, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுவிடலாமா என்று கேட்கப் போகிறேன். நேற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருந்தால் சளி கட்டியிருக்கிறது என்று மருந்து வேறாகப் போகும். மூன்று நாள் முன்னால் வயிற்றைத் திறந்த அம்மாளுக்கு அந்த ஊசி போட்டு உள்ளே ரத்தம் கசிந்தால்...? அவர் சொல்லி முடிக்கவில்லை. போனை எடுத்தார். அட்டையைப் பார்த்தபடியே எண்ணைத் தட்டினார்.

செண்பகவல்லி அட்டையை எட்டிப் பார்த்தாள். அவர் விரல் வைத்துப் பார்ப்பது தன்னுடைய இருபதை. பால் கணக்குப்போலப் போட்டுவிட்டுப் போன ஒன்றை வைத்து ஒரு டாக்டர் ஊசியைத் தீர்மானிக்கிறார். பழி அவளோடு நிற்கும் என்றால் அந்த நிமிஷமே வாயைத் திறந்திருப்பாள். அடி தனக்கு விழட்டும், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் தன்னுடையதை மட்டும் உருவி எடுக்க முடியாது. எட்டு மணி பொய் என்றால் டாக்டரின் விரல் மேலே போகும். மேலே இருப்பது மர்யம். மர்யம் கட்டுப்போடும் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

போனில் அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சார்," என்றாள். "சார், எட்டு மணிக்கு நான் எண்ணல."

கௌசிக் போனைக் காதிலிருந்து எடுத்தார். "க்யா? என்ன?"

"எண்ணாம எழுதிட்டேன். எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"அப்போ நேத்து?"

நேற்று நான் டியூட்டியில் இல்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. கட்டிலில் ஆறுமுகத்தாயின் கழுத்துக்குழி உள்ளே இழுப்பதும் மேலே வருவதுமாக இருந்தது.

"நேத்தும் எண்ணிருக்க மாட்டாங்க சார். யாரும் எண்றதில்ல. எல்லாருக்கும் இருபதுதான் போடுவோம்."

சிஸ்டருக்கு முழுதாகப் புரியவில்லை என்றாலும் அவள் கை அட்டையைக் காட்டியது புரிந்தது. "காய் போல்த்தே ஹீ?" இவள் என்ன சொல்கிறாள் என்று மேடத்தைப் பார்த்து மராத்தியில் கேட்டார். குரலில் சூடு ஏறியிருந்தது. மேடம் கௌசிக்கின் கையிலிருந்து அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான்காவது கட்டத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். முந்தின தாளைப் புரட்டி அதையும் பார்த்தார். அவர் திட்டுவார் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். திட்டிவிட்டால்கூட நன்றாக இருக்கும்.

"எல்லாத்துக்கும் கீழே என் ஒப்பு இருக்கே," என்றார் மேடம், மிக மெல்ல. சிவப்பு மசியின் மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். அப்புறம் தலையை உயர்த்தி, "டாக்டர், இந்தக் கட்டத்தை நம்பாதேங்கோ. நேத்திலேந்தே இருந்திருக்கலாம். அவாளுக்கு அப்படியே சொல்லுங்கோ," என்றார்.

கௌசிக் போனில் பேச ஆரம்பித்தார். பேச்சு மாறியிருந்தது. முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, உடனே, அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

மேடம் வாசல் பக்கம் பார்த்தார். "மர்யம், வா இங்கே. ரெண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோட போங்கோ. வார்டு பாயைக் காணும், காத்துண்டு நிக்க வேண்டாம். மத்ததெல்லாம் நீங்க திரும்பி வந்தப்புறம்." மத்ததெல்லாம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

மர்யம் வந்தாள். ஆறுமுகத்தாயை விரிப்போடு தூக்கி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மர்யம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நோயாளியின் கால்களுக்கு நடுவே வைத்து வார் போட்டுக் கட்டினாள். முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள்.

"எங்கட்டி... கூட்டிட்டுப் போறீய? வீட்டுக்கா?" என்றாள் ஆறுமுகத்தாய், மாஸ்க்குக்குள்ளிருந்து.

"எக்ஸ்ரேக்கு அத்தே. கீழதான். பேசாதீங்க."

லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுவிட்டது. கதவை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். அரை நிமிஷம் பார்த்துவிட்டு மர்யம் ஸ்ட்ரெச்சரைச் சாய்தளத்தின் பக்கம் திருப்பினாள். இறங்கும்போது நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும், ஒருவர் கால்மாட்டில் பின்னோக்கி நடந்து எடையைத் தாங்க வேண்டும். அந்த இடத்துக்கு அவளே போய் நின்றாள். செண்பகவல்லி தலைமாட்டில் பிடித்து இழுத்தாள்.

சிமெண்டுச் சாய்தளத்தை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. திருப்பத்தில் ஒரு சக்கரம் ஓரக் காவாயில் இறங்கி, ஸ்ட்ரெச்சர் தன் எடையில் சடக்கென்று கீழே இழுத்தது. மர்யம் காலைச் சுவரில் ஊன்றினாள். கம்பி அவள் வயிற்றில் வந்து முட்டி நின்றது. செண்பகவல்லி இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடித்தாள், தோள்பட்டை நடுங்கியது. மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சரிவின் நடுவே அது அப்படியே நின்றது. முதன்முறையாக மர்யம் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தாள். இருவரும் பிடியை விடவில்லை. அவர்கள் நடுவே ஆறுமுகத்தாயின் மூச்சில் மாஸ்க்கின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்தது, தெளிந்தது, மறுபடி பூத்தது.