எட்டுத் துண்டு ரிப்பன்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்த விரிவுரையாளருக்கு ‘சல்லடை மேடம்’ என்று பெயர். யாருடைய பாடத்தையும் சலித்தெடுத்துத் தப்பை மட்டும் மேலே நிறுத்திக் காட்டுவார். போன பருவத்தில் சின்ன டீச்சரைச் சலித்ததில் ஒன்றுமே தேறவில்லை. ‘மதிப்பெண்ணைப் பார்த்துப் பாடம் நடத்தத் தெரியவில்லை’ என்று ஒரே வரி எழுதித் தோல்வி போட்டுவிட்டார். இந்தப் பருவமும் அதே தீர்ப்பு வந்தால் வருஷம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவளுக்குச் ‘சின்ன டீச்சர்’ என்று பெயர் வைத்த நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையெல்லாம் தெரியாது.

அதனால் இந்த முறை அவள் ரொம்ப உஷார். பதினொரு பயிற்சி ஆசிரியர்களுக்கும் மேடம் ஒரே கணக்குத் தேர்வைக் கொடுத்திருந்தார், விடைக்குறிப்போடு. அதை நடத்தி, குறிப்பை வைத்துக் கடகடவென்று திருத்தி, முப்பத்து நாலு பிள்ளைகளுக்கும் கேள்வி வாரியாக அட்டவணை போட்டாள். ஏழாம் கேள்வியில்தான் வகுப்பே கவிழ்ந்திருந்தது. நீளமான ரிப்பன் ஒன்றை மடிக்காமல் எட்டுத் துண்டாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்? குறிப்பில் எட்டு. முப்பத்தொரு பிள்ளைகள் ஏழு என்று எழுதியிருந்தார்கள்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, ஏழுதானே டீச்சர் என்று கேட்டாள். குறிப்பில் எட்டு என்றுதான் இருக்கிறது, உட்கார் என்று சொல்லிவிட்டாள் சின்ன டீச்சர். அந்தப் பெண் ரப்பரை எடுத்துத் தன் விடையை அழித்தாள்.

மேடம் பாடம் பார்க்க வரும் நாள் காலையில், ஏழாம் கேள்வியை நடத்துவதற்காகச் சின்ன டீச்சர் வீட்டு மேஜையில் ரிப்பனை விரித்து ஒத்திகை பார்த்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா முணுமுணுத்தபடி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது வெட்டு விழுந்ததும் அக்கா துண்டுகளை எண்ணினாள்.

“எட்டு வந்தாச்சே. இன்னும் எதுக்குடி வெட்டுற?”

சின்ன டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். ஏழாம் கேள்வியில் ‘சரி’ வாங்கிய மூன்று பேரும் மற்ற எல்லாக் கணக்கிலும் தடுமாறியவர்கள். நன்றாகப் போடுகிறவர்கள் அத்தனை பேரும் தப்பு. குறிப்பில்தான் கோளாறு என்று அட்டவணை ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இவளோ அதற்குக் கலர் அடித்து அழகு பார்த்திருக்கிறாள்.

பேசாமல் ஐந்தாம் கேள்வியை நடத்திவிட்டு வா, எதற்கு வம்பு என்றாள் அக்கா. ஆசையாகத்தான் இருந்தது. மேடத்தின் தப்பை மேடத்திடமே சொல்லித் தேறினவர் இதுவரை யாருமில்லை. ஆனால் அந்த ரப்பர் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனது ஆகட்டும் என்று ரிப்பனோடு கிளம்பினாள்.

மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சின்ன டீச்சர் முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

“நீ முதல்ல எழுதினதுதான் சரி. அன்னைக்கு நான் யோசிக்காம சொல்லிட்டேன்.”

அவள் வெட்ட வெட்ட வகுப்பே எண்ணியது. ஏழு வெட்டு, எட்டுத் துண்டு. அடுத்து, எட்டு என்று எழுதிய மூவருக்கும் ஆளுக்கொரு ரிப்பன். உண்மையில் இந்தப் பாடம் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான். மேடத்தின் பேனா பாதியில் நின்றிருந்தது.

பாடம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் அட்டவணையை நீட்டினாள். மேடம் ஏழாம் கேள்வியின் கட்டங்களில் விரலை ஓட்டினார். விடைக்குறிப்பின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, குறுக்கே ஏழு சின்னக் கோடு கிழித்து, துண்டுகளை எண்ணினார்.

“தப்பு என்னோடதும்மா. அவசரத்துல எழுதிட்டேன்.”

படிவத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன உயிர் திரும்பி வந்தது சின்ன டீச்சருக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

மேடம் உடனே போனை எடுத்து, மீதிப் பத்துப் பேரில் முதல் ஆளைக் கூப்பிட்டார். ஏழாம் கேள்வி என்று ஆரம்பித்ததுமே மறுமுனை முந்திக்கொண்டது.

“கவலையே படாதீங்க மேடம். ஒரு வாரமா அதையேதான் நடத்தினேன். இப்ப ஒரு பிள்ளை விடாம எட்டுன்னு சொல்லுது.”

மேடம் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

“அந்த ரிப்பன் மிச்சம் இருக்காம்மா?”