காப்பார்க் கங்காணியின் புலித் துப்பாக்கி

செங்கற்சூளைகளின் புகையும் புகைவண்டிகளின் புகையும், எது எதனுடையது என்று பிரித்தறிய இயலாவண்ணம் வானிலே கலந்து நிற்க, மழைநீரால் கலங்கிய கிள்ளான் ஆறு தேநீர் நிறங்கொண்டு கரைகளை உரசி ஓட, மேற்கே சாயும் கதிரவனைக் கருமுகில்கள் வரிசைகட்டி வந்து மறைத்த அந்தப் பிற்பகல் வேளையில், கோலாலம்பூரின் தென்புறத்துப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் குடியிருப்பு, படிப்பவரே, ஒரு நொடியேனும் ஓய்ந்திருக்கவில்லை. தண்டவாளங்கள் அதிர்ந்தன. செங்கல் ஏற்றிய மாட்டுவண்டிகள் மழைக்கு முன் கரைசேர முந்தின. வேலை விட்டு வருவோரும் வேலைக்குப் போவோரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, யார் இடித்தார் என்று திரும்பியும் பாராமல் சென்றனர்.

இத்தகைய ஊருக்கு ஏற்ற மனிதன் நாகையா. புகைவண்டித் தொழிலாளர் குடியிருப்பின் பின்புறத்தே, அத்தாப்பு ஓலை வேய்ந்த பட்டறையில், திறவாத பூட்டுகளையும் ஓடாத கடிகாரங்களையும் தைக்க மறுத்த தையற்பொறிகளையும் பழுதுபார்த்து வாழ்ந்த அவன், நின்ற இடத்தில் நில்லாத கால்களும், சும்மா இருக்கத் தெரியாத விரல்களும், சட்டென்று மூளும் சினமும், அச்சினத்தினும் பெரிய செருக்கும் உடையவன். ‘முடியாது’ என்னும் சொல் தன் பட்டறையில் இதுவரை ஒலித்ததில்லை என்பது அவன் பெருமை. அதனைக் கேட்டவர்க்கும் சொல்வான், கேளாதவர்க்கும் சொல்வான்.

அன்று அவனைத் தேடி, பட்டுத் துணியில் சுற்றிய நீண்ட பொருளொன்றைக் கைக்குழந்தையைப்போல் ஏந்தி வந்தவர் வேலாயுதக் கங்காணி. கிள்ளான் நகருக்கு அப்பால் காப்பாரில் உள்ள, பால்மரம் எனப்படும் ரப்பர் மரத் தோட்டமொன்றில் பெருந்தொகையினரை வேலை வாங்கும் தலைவர். காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், தம்மேல் பாய்ந்த புலியை ஒரே குண்டால் வீழ்த்தியவர் என்பது அவருடைய புகழ். சீமைக்குத் திரும்பிய பழைய துரை அன்பளிப்பாகத் தந்த துப்பாக்கியால் அது நிகழ்ந்தது என்றும், புலித்தோலைத் துரையே கப்பலில் கொண்டுபோய்விட்டார் என்றும் அவர் சொல்வார். தோல் இல்லாத குறையை அவருடைய மீசை நிறைவு செய்தது.

இப்பொழுதோ, உண்மையாகவே ஒரு புலி தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. இரண்டு எருதுகளைக் கொன்றது. பின்னர், விடியலில் பால்வெட்டச் சென்ற பெண்ணொருத்தியை இழுத்துச் சென்றது. அச்சத்தால் தொழிலாளர் வீட்டைவிட்டு வெளிவர மறுக்க, புதிய துரை, புலி கொன்றவர் நம்மிடமே இருக்கையில் வேறொருவரைத் தேடுவானேன் என்று கங்காணியை அழைத்தார். இந்த ஒன்றைத் தவிர வேறு துப்பாக்கி தம் கைக்குப் படியாது என்று கங்காணி பல்லாண்டாகச் சொல்லி வந்தவராதலின், பழுதுற்றுக் கிடந்த அதனைச் சரிசெய்து வருமாறும், வெள்ளியன்று காலை வேட்டைக்குப் புறப்படுமாறும் கட்டளை பிறந்தது. சரிசெய்ய இயலாதாயின், கிள்ளானிலிருந்து தேர்ந்த வேட்டைக்காரர் ஒருவரை வரவழைப்பதாகவும் ஏற்பாடு.

“இது முடியாதுன்னுதான் நினைக்கிறேன், நாகையா,” என்றார் கங்காணி. “ரொம்பப் பழசு. முடியலேன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்.”

“யாரைப் பாத்துக் கேட்கிறீங்க, கங்காணி? போலீஸ் பர்மிட் கையிலே இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ வச்சிட்டுப் போங்க. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கலாம்.”

அப்பொழுது கங்காணியின் முகத்தில் படர்ந்ததைத் தன் திறமையின்மேல் கொண்ட ஐயம் என்று நாகையா எண்ணினான். எண்ணியதும் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர் மூக்கின்மேல் விரலை வைக்கும்படி செய்து தருகிறேன் என்று உள்ளத்துக்குள் சூளுரைத்தான்.

துணியை அவிழ்த்தபோது வெளிப்பட்டது, விசையை ஒட்டிய நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானே குழலுக்குள் ஏறும் பழங்காலத் துப்பாக்கி. அதன் பித்தளை உடல் தேய்ந்து தேய்ந்து தகடாகியிருந்தது. அதிலே செதுக்கப்பட்டிருந்த மான் கொம்பிழந்து ஆடாகியிருந்தது. நெம்புகோலோ விழப்போகும் பல்லைப்போல் ஆடிற்று. உள்ளேயிருந்த விசைவில் முறிந்து கிடந்தது. இத்துணைத் தேய்வுக்கு எத்துணை வேட்டை நிகழ்ந்திருக்க வேண்டும் என்று வியந்த நாகையாவுக்குக் கங்காணியின்மேல், அதுவரை இல்லாத மதிப்பு உண்டாயிற்று.

பிற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதிலேயே மூழ்கினான். தேய்ந்து அகன்ற துளைகளை மேலும் துளைத்து எஃகு வளையங்கள் செருகினான். நெம்புகோலின் இணைப்புகளைப் புதிதாக அராவினான். அவ்விணைப்புகளைத் தாங்கும் ஆணி ஒன்றை மயிரிழை பிசகாமல் கடைந்து, மனநிறைவு கொள்ளாமல் தூக்கி எறிந்து, மறுபடியும் கடைந்தான். வில்லுக்கான எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் நீலம் பூக்கும்வரை வாட்டினான். சோற்றுக்கு அழைத்த மனைவிமேல் எரிந்து விழுந்தான்.

நாள்தோறும் கிள்ளான் வண்டியில் வந்திறங்கிய கங்காணி, பட்டறை வாயிலில் அங்குமிங்கும் நடந்து, “முடியுமா? முடியாதா?” என்று கேட்டுக் கேட்டு அவனை மேலும் விரைவுபடுத்தினார். வேலை முடிந்துவிடுமோ என்று ஒருவர்க்கு உறக்கமில்லை. முடியாது போய்விடுமோ என்று மற்றவனுக்கு உறக்கமில்லை. படிப்பவராகிய நீவிர் இந்நேரம் ஊகித்திருப்பீர். நாகையா ஊகிக்கவில்லை. தன் வேலையைத் தவிர உலகில் வேறெதனையும் உற்றுப் பார்த்தறியாதவன் அவன்.

இறுதியாக அவன் குழலை எடுத்தான். அதன் வாய் அடைத்துக் கிடந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கம்பியால் நெகிழ்த்தியபோது வந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகிய சந்தனமும் குங்குமமும். ஆண்டுதோறும் கருவிகளை வழிபடும் நாளில் பொட்டிட்டுப் பொட்டிட்டு, அக்குழலின் வாயையே அடைத்திருந்தனர். அதனைக் கடந்து உள்ளே சென்றால், துப்பாக்கியைச் செய்தவர் பூசியனுப்பிய கொழுப்பு இன்னும் கட்டியாக இருந்தது. அதையும் துடைத்துவிட்டுக் குழலை வானத்தை நோக்கிப் பிடித்தான். உட்சுவரின் சுருள்வரைகள் நேற்றுச் செதுக்கியவைபோல் கூர்மையாய் மின்னின. ஒரு குண்டேனும் அவ்வழி சென்றதில்லை.

பித்தளையைத் தேய்த்தது வேட்டையன்று, விளக்குத் துலக்கும் புளியும் சாம்பலும். நெம்புகோலைத் தேய்த்ததும் வேட்டையன்று. காலை வேளையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, அவர்களை அச்சுறுத்துவதற்காகக் கங்காணி ஓசை எழ அதனைத் தள்ளித் தள்ளி இழுத்த பழக்கமே. நாகையா வாய்விட்டுச் சிரித்தான். வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்ததும் அச்சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாட் காலையில் கங்காணி வருமுன்பே அவருடைய மனைவி நல்லம்மாள் வந்து நின்றாள். கோவிலுக்கென்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

“துப்பாக்கி சரியாயிடுச்சா, தம்பி?”

“ஆயிடுச்சுக்கா. சுட்டா சுடும். ஆனா அவரு...” என்று தொடங்கியவன், குழலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான்.

“தெரியும். வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வக்கிறவ நான். போன வருசத்துச் சந்தனம் அப்படியே இருக்கும். அது மேலேயே வப்பேன்.”

“அவர்கிட்ட கேட்கலியா?”

“கேட்டிருந்தா, அப்புறம் அந்த மனுசன் எப்படி என் முகத்துலே முழிப்பாரு?” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தம்பி.”

“அது மட்டும் நடக்காது. இந்த நாட்டுலே எவனும் இதை இப்படிச் செஞ்சிருக்க முடியாது. போய் அவரையே உண்மையைச் சொல்லச் சொல்லுங்க.”

“செத்தாலும் சொல்ல மாட்டாரு. நான் அவருக்காக மட்டும் வரலை. என் தம்பி மகன் பாலன், புலியைக் கலைக்கத் தப்பு மேளம் அடிச்சிக்கிட்டு முன்னாலே போறேன்னு நிக்கிறான். மாமா துப்பாக்கி பின்னாலே இருக்குங்கிற தைரியம். அவன் பொஞ்சாதிக்கு இது நிறைமாசம்.”

நாகையா துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் போனபின் நெம்புகோலைத் தள்ளி இழுத்தான். ஓசையே எழாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இயங்கிற்று. வாழ்நாளில் தன் கையால் செய்தவற்றுள் இதுவே சிறந்தது என்பதை அவன் அறிந்தான். அறிந்ததனாலேயே ஆத்திரம் பொங்கிற்று. பொய் சொன்ன கங்காணியைத் திட்டினான். பொய்யைப் பொத்தி வளர்த்த மனைவியைத் திட்டினான். கண்ணாலும் கண்டிராத பாலன் எதற்காகத் தப்புக் கற்றான் என்று அவனையும் திட்டினான். அன்று முழுவதும் உட்கார்ந்தான், எழுந்தான், வாயில்வரை போனான், திரும்பி வந்தான். வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

வியாழனன்று நண்பகலில், கங்காணி தோட்டத்து ஆட்கள் சிலர் சூழத் தெருமுனையில் தோன்றினார். நாகையா சுத்தியலை எடுத்தான். தான் கடைந்த ஆணியைத் தட்டிக் கழற்றி உலைக்குள் எறிந்தான். துப்பாக்கியை அவர்முன் வைத்தபோது நெம்புகோல் செத்த பாம்பாய்த் தொங்கிற்று.

“முடியலே, கங்காணி.”

கங்காணி ஒரு கணம் கண்களை மூடினார். திறந்தபோது பழைய புலிவேட்டைக்காரராக நின்றார்.

“என்ன வேலைக்காரன்டா நீ? ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே. புலியோட கழுத்தெலும்பை உடைச்ச துப்பாக்கிடா இது. நல்லா இருந்ததையும் கெடுத்துட்டியே.”

வந்தவர்கள் சிரித்தனர். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தனர். நாகையாவின் கை சுத்தியலின் பிடியை நெரித்தது. ஒரு சொல் போதும், அந்த மீசை மண்ணைக் கவ்வும். அச்சொல் நாவின் நுனிவரை வந்தது.

“மன்னிச்சிடுங்க,” என்றான்.

பட்டுத் துணியைச் சுற்றும்போது கங்காணி தன்னை ஏறிட்டும் பாராததை அவன் ஒருவனே கண்டான்.

கிள்ளானிலிருந்து வேட்டைக்காரர் வந்தார். காட்டிலேயே வாழ்ந்து பழகிய அவருடைய முதற் குண்டுகூடப் புலியைக் காயப்படுத்தியதேயன்றிக் கொல்லவில்லை. அது பாய்ந்து, அவரோடு வந்த வழிகாட்டியின் தோளைக் கிழித்த பின்னரே அடுத்த குண்டு அதனை வீழ்த்திற்று. தோட்டத்தார் அனைவரும் கூடி நின்று பார்த்த அந்தப் புலியின் உடலருகே, கங்காணி மீசையை நீவியவாறு, “என் துப்பாக்கி இருந்திருந்தா ஒரே குண்டு. அந்தப் பிரிக்பீல்ட்ஸ்காரன் கெடுத்துப்புட்டான்,” என்றாராம்.

புகைவண்டியிலே பேச்சுக்குச் சீட்டு வேண்டுவதில்லை. அன்றைய வண்டியிலேயே அது பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. தையற்பொறி கொடுத்திருந்தவர் ஒன்றும் சொல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கடிகாரம் கொடுத்திருந்தவர் காரணமும் சொல்லிவிட்டே வாங்கிப் போனார். தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது. பத்து நாட்கள்போல் அதனைப் பொறுத்த நாகையாவுக்கு, ஒரு காலையில் பொறுமை அறவே அற்றுப்போயிற்று. காப்பாருக்குப் போய், ஆட்கள் வரிசையில் நிற்கும் இடத்திலேயே உண்மையை உடைத்துவிடுவதென்று முடிவு செய்து சட்டையை மாட்டினான். மனைவி தடுத்தும் கேளாமல் வாயிலில் கால் வைத்தவனை, எதிரே வந்த இளைஞன் ஒருவன் நிறுத்தினான்.

“துப்பாக்கி முடியலேன்னு சொன்ன நாகையா அண்ணே பட்டறை இதுதானே?”

“நீ யாரு?” என்று சீறினான் நாகையா.

“காப்பார் பாலன். கங்காணி மாமா வீட்டு நல்லம்மா அத்தைதான் உங்ககிட்டயே குடுக்கணும்னு அனுப்புனாங்க.” துணிப்பையிலிருந்து அறுந்த தொட்டிற் சங்கிலி ஒன்றை எடுத்து நீட்டி, குறும்பாகச் சிரித்தான். “மகன் பொறந்திருக்கான். இதாவது உங்களாலே முடியுமா, அண்ணே?”

நாகையா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கிழிபடாத தோள்கள். பால்வெட்டிக் கறைபடிந்த கைகள். முகத்தில், தூக்கம் கெடுக்கும் குழந்தையைப் பெற்றவனுக்குரிய களைப்பு. எவ்வளவு பார்த்தும் அவனுக்குப் போதவில்லை.  சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உலையின்முன் அமர்ந்தான்.

“முடியும். உக்காரு,” என்றான்.

“துப்பாக்கி மட்டும் ஏன் முடியாமப் போச்சு?”

“முடியலே, தம்பி. அவ்வளவுதான்.”

புலியைக் கொல்லாமலே புலி கொன்றவராய்ப் புகழோடு வாழ்ந்து முடித்தார் கங்காணி. அவர் புகழை இன்றும் காப்பார்ப் பக்கத்தில் கேட்கலாம். தான் காத்த உயிரே தன்னை எள்ளி நகைக்கக் கேட்டும், அவ்வுயிர் ஈன்ற மகனுக்குத் தொட்டிற் சங்கிலி இணைத்துக் கொடுத்தவனைப் பற்றி, படிப்பவரே, எவரும் எதுவும் சொல்வதில்லை. அச்சங்கிலி தாங்கிய தொட்டிலில் பாலனின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராய் உறங்கி வளர்ந்தனர்.