மழைக்கு விடுமுறை இல்லாத ஊர்

ஒரு மாதத்து மழையை ஒரே காலையில் கொட்டித் தீர்த்துவிடுவது என்று கசான் நகரம் முடிவு கட்டியிருந்தது. ஓட்டல் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற அற்புதராணிக்குத் தலைகால் புரியவில்லை. ஷார்ஜாவில், முவைலா பகுதிக் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருப்பவளுக்கு மழையே திருவிழாதான். அதற்கும் மேலே ஒரு திருவிழா இன்றைக்கு இருந்தது. மகள் ஜோஸ்மி டாக்டர் ஆகிறாள். இந்த ரஷ்ய ஊரிலேயே கிடந்து படித்து முடித்த பெண்ணை, பழைய கோட்டையின் வெள்ளை மதிலுக்குக் கீழே, திறந்த மைதானத்தில் பேர் சொல்லி அழைத்துப் பட்டம் கொடுக்கப்போகிறார்கள். அதைக் கண்ணால் பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற இந்த அரக்கப்பரக்கப் பயணம்.

"கெளம்புங்க, நேரமாச்சு."

"எங்க கெளம்ப? ப்ரோக்ராம் கேன்சல்," என்றார் செல்வநாயகம், போர்வைக்குள் இருந்தபடியே.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வெளிய பாரு. இந்த மழையில எவன் பட்டம் குடுப்பான்? கலாஸ், முடிஞ்சுது."

ஏசி மெக்கானிக் செல்வநாயகத்துக்கு வளைகுடா கற்றுக்கொடுத்த வேதம் அது. அங்கே நாலு தூறல் விழுந்தாலே போன்களெல்லாம் எச்சரிக்கையாக அலறும். பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், ரோடு குளமாகும், கம்பெனி பஸ் வராது. முவைலாவே வீட்டுக்குள் உட்கார்ந்து பஜ்ஜி போடும். மழை என்றால் லீவு. இதில் அற்புதராணியும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. அதனால்தான் புருஷன் சொன்னதை நம்பித் தொலைத்தாள். ஜோஸ்மியைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. பாவம், பிள்ளை அழுதுகொண்டு தூங்குகிறது போல என்று நினைத்து, கெட்டிலில் தேநீர் போட்டாள்.

தேநீரோடு மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். கீழே கல் பாவிய தெருவில் ஒரு மூதாட்டி குடை பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லை. இன்னொரு கையில் ஐஸ்கிரீம். அவளுக்குப் பின்னால் ஒரு கல்யாண ஜோடி, நனைந்தபடியே போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றது.

அற்புதராணி தேநீரை அப்படியே கீழே வைத்தாள்.

"ஏங்க! மழையில நின்னு ஐஸ்கிரீம் தின்னுற ஊருங்க இது! இவங்களா மழைக்கு லீவு விடுவாங்க?"

செல்வநாயகம் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. "யம்மா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சட்டையை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். குடை கிடையாது, ஷார்ஜாக்காரனுக்குக் குடை எதற்கு? தெரு மேடேறிக்கொண்டே போனது. செருப்பு வழுக்கியது. மேலே வெள்ளை மதில் தெரிந்தது. மதிலுக்குள் பள்ளிவாசலின் நீலக் கூரையும் தேவாலயத்தின் குமிழ்களும் சேர்ந்து நனைந்துகொண்டிருந்தன. அற்புதராணி ஓடியபடியே இரண்டையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்றைக்கு யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. பயம் ஒரு பக்கம் விரட்டியது. இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சின்னப் பிள்ளையாய் மழையில் ஓடுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

மைதானத்தில் யாரும் கலைந்திருக்கவில்லை. கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் வரிசையாக நனைந்து நின்றார்கள். மைக்கில் பேர்கள் வந்தன. ஜோஸ்மியின் பேர் போய்விட்டதா?

"ஜோஸ்மி செல்வநாயகம்."

போகவில்லை! ஜோஸ்மி மேடை ஏறினாள். குனிந்த தலை நிமிரவில்லை. வர மாட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டவளின் நடை அது. பெற்றவளுக்கு அது தெரியாதா?

"மக்களே!"

பெற்ற பிள்ளையை 'மக்களே' என்றே அழைக்கும் குளச்சல்காரி அற்புதராணியின் குரல், கடற்கரையில் படகைக் கூப்பிடும் குரல். குடைகளெல்லாம் திரும்பின. பட்டம் நீட்டிய பேராசிரியரின் கை அப்படியே நின்றது. ஜோஸ்மி நிமிர்ந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பட்டத்தை வாங்கியவள் வரிசைக்குத் திரும்பாமல், தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தாள்.

"வேர் வேர் யூ, மம்மி? லாஸ்ட் வரைக்கும் கேட்டையே பாத்துட்டு இருந்தேன்."

"மழைன்னா லீவுன்னு இருந்துட்டோம், மக்களே," என்றார் செல்வநாயகம். பட்டத்தை வாங்கிச் சட்டைக்குள், நெஞ்சோடு செருகிக்கொண்டார்.

அற்புதராணி கிளினிக்கில் எத்தனையோ டாக்டர்களுக்கு முன்னால் எழுந்து நின்றிருக்கிறாள். அவர்கள் சொன்னதற்கெல்லாம் "யெஸ் டாக்டர்" என்றிருக்கிறாள். பதிலுக்கு ஒரு டாக்டரையாவது ஏவியதில்லை. இப்போது துப்பட்டாவைப் பிழிந்து மகளின் தலையில் போட்டாள்.

"குனி, டாக்டரே. தலைய துவட்டணும்."

டாக்டர் குனிந்தாள்.