கப்டன் கடைசியாகத்தான் சாப்பிடுவார்

வெக்ஸ்போர்டில் மாப்பிள்ளை ஜனார்த்தன் வீட்டில், பெண்வீட்டாருக்கு மதியச் சாப்பாடு. பேச்சு சரிவந்தால் கல்யாணம். ஆண்கள் முதலில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் தாய் யோகராணியையும் வற்புறுத்தி உட்காரவைத்தார்கள். பெண் அட்சயா மட்டும் சுவரோரம் நின்று, யாருக்கு என்ன குறைகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் இரு பிள்ளை," என்றாள் ஜனார்த்தனின் தாய் புஸ்பராணி.

"எல்லாரும் சாப்பிடட்டும் அன்ரி. நான் பிறகு சாப்பிடுறன்."

புஸ்பராணியின் முகம் மலர்ந்தது. "ஆமிக்காரி எண்டு நான் பயந்துகொண்டிருந்தன். என்ன அடக்கமான பிள்ளை! நானும் கட்டின நாளிலயிருந்து இவர் சாப்பிட்ட பிறகுதான் கை நனைக்கிறது."

யோகராணியின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஆம்பிளைகள் சாப்பிட்ட மிச்சம் தன் மகளுக்கு வேண்டாமென்று மாமியாரோடு மல்லுக்கட்டியவள் அவள். மகளை முறைத்தாள்.

இரண்டு தாய்மாரும் பிழையாக எடுத்துக்கொண்டது அட்சயாவுக்கு விளங்கியது. அவள் பகுதிநேரப் படையணி ஒன்றின் பாரசூட் கொம்பனியில் கப்டன். அங்கே அதிகாரி விமானத்திலிருந்து முதலில் குதிப்பார். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்பார். எந்தச் சட்டத்திலும் இது எழுதியில்லை. போன மாசியில், பனிக்குள் நடந்த பயிற்சியில், புது லெப்டினன்ட் ஒருவன் வரிசையின் நடுவில் புகுந்து சூப் வாங்கினான். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கட்டளையிட்டால் ஆட்கள் எழும்பும் வேகமே வேறாகிவிட்டது. சட்டியில் ஒன்றும் மிஞ்சாத நாட்களில் அட்சயா பிஸ்கற்றோடு படுத்திருக்கிறாள். இப்போது சாப்பாட்டைக் கண்டால் கால் தானாகப் பின்னுக்குப் போகிறது.

ஜனார்த்தனை அவளுக்குப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் இன்றைக்கு மூடினால் இந்த வீட்டில் என்றைக்கும் திறக்க முடியாது.

"அன்ரி, இது அடக்கமில்லை. எங்கட கொம்பனியில பெரிய ஆள்தான் கடைசியாச் சாப்பிடுறது. நான் கப்டன், அதால பழகிட்டுது."

"அது அங்க. இஞ்ச?"

"இஞ்ச ஆர் பெரியவர்?"

எல்லோரும் ஜனார்த்தனின் தகப்பன் அருள்நாயகத்தைப் பார்த்தார்கள். அவர் இரண்டாம் தரம் போட்ட சோற்றில் மீன்தலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"டாட், யூ ஆர் டிமோட்டட்," என்றான் ஜனார்த்தன்.

யாரும் சிரிக்கவில்லை. அகப்பையோடு நின்ற புஸ்பராணி, அட்சயாவை மேலும் கீழும் அளந்தாள். யோகராணி கைகழுவி எழும்பிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள்.

புஸ்பராணி அகப்பையைக் கணவனின் முன்னால் வைத்தாள். "எழும்புங்கோ. சம்மந்திக்குப் பருப்பு முடிஞ்சுது, பாருங்கோ." கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கதிரையைத் தட்டினாள். "நீயும் இரடி."

"அன்ரி, நான்..."

"கலியாண வீட்டில மாப்பிள்ளையின்ர தாய் நான். அண்டைக்குக் கடைசியாச் சாப்பிடுறது நான்தான். அதில கப்டன் வந்து குறுக்க நிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

அட்சயா உட்கார்ந்தாள். அருள்நாயகம் பருப்புச் சட்டி எங்கே என்று கேட்டார்.